பங்குக்கு வாங்கிய பணத்துக்கு வட்டி எதற்கு?

கேள்வி: நான் ஒரு எடிட்டர். விளம்பரப் படங்களில் வேலை பார்த்துக்கொண்டே என் முதல் முழுநீளப் படத்தை இயக்கியிருக்கிறேன். இரவுப்பணி பார்க்கும் இரண்டு செவிலியர்களின் கதை. தொகையைச் சொல்லத் தயக்கமாக இருப்பதால் மொத்த பட்ஜெட்டை 100 என்று வைத்துச் சொல்கிறேன். அதில் 40 நானும் கணவரும் போட்டது. மீதி 60, ஆறு பேர் ஆளுக்குப் பத்தாகக் கொடுத்தது. லாபத்தில் பங்கு என்றுதான் பேசினோம். முதலில் கொடுத்தவர் என் தாய்மாமா; ஓய்வுபெற்றபோது வந்த பணம். நான்கு மாதம் கழித்து, "பணம் சும்மாதானே கிடக்கு, மாசம் ஏதாவது கொடும்மா" என்றார். மறுக்க மனம் வரவில்லை. ஒன்றரை வட்டி என்று கொடுக்க ஆரம்பித்தேன். அது மற்ற ஐந்து பேர் காதுக்கும் போனது. அவர்களுக்கும் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்படியே 18 மாதம் ஓடிவிட்டது. படப்பிடிப்பு முடிந்துவிட்டது. சவுண்ட், கலர் வேலைகளுக்கு இன்னும் 16 வேண்டும், கணக்கில் ஒன்றுமில்லை. புதிதாக ஒருவர் 20 தரத் தயார், ஆனால் மாதம் ரெண்டு வட்டி கேட்கிறார். நண்பர் ஒருவர் படத்தின் லாபப் பங்கை டிஜிட்டல் டோக்கன்களாகப் பிரித்து இணையத்தில் விற்கச் சொல்கிறார். புதியவரிடம் வாங்கலாமா? இருக்கிற முதலீட்டாளர்களை எப்படித் தக்கவைப்பது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு ஒரு பெருக்கல் போட்டேன். ஆறு பேரின் பணம் 60. அதற்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 0.9. பதினெட்டு மாதத்துக்கு 16.2.

படம் முடிய உங்களுக்கு வேண்டியது 16.

செலவு கைமீறிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. பட்ஜெட் 100, உங்கள் கைக்கு வந்ததும் 100. நீங்கள் படத்தைச் சொன்ன செலவுக்குள்தான் எடுத்திருக்கிறீர்கள். முதல் படத்தில் இது எவ்வளவு அபூர்வம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் சவுண்டும் கலரும்தான் மாதம் 0.9 ஆக ஆறு வீடுகளுக்குப் போயிருக்கின்றன. வாங்கிய ஆறு பேரும் அதை வருமானம் என்று நினைக்கிறார்கள். நீங்கள் கொடுத்ததோ அவர்கள் போட்ட முதலையே.

பட்ஜெட் போடுவது, ஒப்பந்தம் எழுதுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை. மாற்ற வேண்டியது ஒரே ஒரு பழக்கம். பங்கு என்று வாங்கிய பணத்துக்கு வட்டி கட்டுவதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள்.

கடன் கொடுத்தவர் மாதாமாதம் வட்டி வாங்குவார். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதலைக் கேட்பார். அதனால் லாபத்தில் அவருக்குப் பங்கு கிடையாது. பங்குதாரர் நஷ்டத்துக்கும் சேர்த்துத்தான் வருகிறார். அதற்காகவே லாபத்தில் பங்கு கேட்க அவருக்கு உரிமை உண்டு. உங்கள் ஆறு பேருக்கும் நீங்கள் இரண்டையும் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்றரை வட்டி என்பது வருடத்துக்கு 18 சதவீதம். வெளியாகும் நாள்வரை ஒரு பைசா சம்பாதிக்காத ஒரு பொருளின் மேல் அது ஏறிக்கொண்டே இருக்கிறது.

இப்போது அந்தப் புதியவரின் 20. அவர் கேட்கிற ரெண்டு வட்டி மாதம் 0.4. பழைய 0.9-ஐயும் சேர்த்தால் 1.3. படம் முடிந்து விற்பனையாக இன்னும் ஒரு வருடம் என்று வையுங்கள், அதுவே குறைந்த கணக்கு. வட்டி மட்டும் 15.6 போகும். 20 வாங்கி 15.6 வட்டி கட்டினால் சவுண்டுக்கு மிஞ்சுவது நாலு சொச்சம். அப்புறம் அடுத்த ஆளைத் தேட வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதியவர் பணத்தில் பழையவருக்கு வருமானம் காட்டுவதைத்தான் 1920-இல் பாஸ்டனில் சார்லஸ் போன்ஸி என்பவர் செய்தார், சிறைக்கும் போனார். உங்களுக்கு யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை, கடிதத்தில் அது நன்றாகத் தெரிகிறது. ஆனால் நாளை ஒரு வழக்கறிஞர் உங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்தால் எண்ணம் தெரியாது, பணம் போன வழிதான் தெரியும்.

ஆகவே புதியவரிடம் வாங்கலாம். வட்டிக்கு அல்ல, பங்குக்கு. ஒத்துக்கொள்ளவில்லையா, கைகூப்பி அனுப்பிவிடுங்கள்.

பழைய ஆறு பேரிடம் செய்ய வேண்டியது கொஞ்சம் கஷ்டம். ஒவ்வொருவரும் இதுவரை வாங்கியது 2.7. அதை அவர்கள் போட்ட முதலிலிருந்து திரும்பி வந்த தொகையாக எழுத்தில் ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆளுக்கு 10 போட்டவருக்கு இனி வர வேண்டிய முதல் 7.3. ஒருவர் இருவர் முரண்டு பிடிக்கலாம். அவர்களுக்கு மேலே போட்ட பெருக்கலைக் காட்டுங்கள். படம் முடியாமல் கிடந்தால் 7.3-ம் வராது என்பது அவர்களுக்கும் புரியும். ஒத்துக்கொண்டபின் ஒரு வழக்கறிஞரையும் ஆடிட்டரையும் வைத்துத் தாளில் ஏற்றுங்கள். இதுவரை கொடுத்தது வட்டியா, முதலா என்பதற்கேற்ப அவர்கள் வரிக்கணக்கும் மாறும்.

மாமாவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவருடையது படத்துக்கு வந்திருக்கவே கூடாத பணம். ஓய்வுக்காலப் பணம் வைத்திருப்பவருக்கு மாதாமாதம் ஏதாவது வந்தாக வேண்டும். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பணத்தை நீங்கள் வாங்கியதுதான் தப்பு. படக் கணக்கைத் தொடாமல் உங்கள் சம்பளத்திலிருந்து அவருக்கு மாதம் 0.3 கொடுங்கள். 24 மாதத்தில் 7.2. கிட்டத்தட்ட முடிந்துவிடும். அவருடைய பங்கு உங்கள் பெயருக்கு மாறட்டும். இப்போது அவருக்குப் போகிற 0.15 எந்த நாளும் தீராத வட்டி. இது தேதியோடு முடிகிற கடன்.

வாங்கும் ஒவ்வொரு பணத்துக்கும் இந்தச் சோதனை வேண்டும். "இது திரும்பியே வராவிட்டால் உங்கள் வீட்டில் என்ன மாறும்?" என்று நேருக்கு நேர் கேளுங்கள். "ஒன்றும் மாறாது, வருத்தமாக இருக்கும்" என்பவரிடம் வாங்குங்கள். பெண்ணுக்குக் கல்யாணம், வீட்டுக் கடன் என்று பேச்சு இழுத்தால், அவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் வேண்டாம்.

சரி, பங்குக்கு வருகிறவருக்கு என்ன சொல்வது? பணம் எந்த வரிசையில் திரும்பும் என்பதைத்தான். உங்கள் கடிதத்தில் லாபத்தில் பங்கு என்று இருக்கிறது, எத்தனையாவது ஆளாக என்று இல்லை. உங்கள் படத்தையே வைத்துப் பார்ப்போம். படம் 100-க்கு விற்கிறது. படத்தை விற்றுத்தரும் சேல்ஸ் ஏஜென்ட் 20 சதவீதம் எடுப்பார், அவர் செலவு ஒரு 10 என்று வைப்போம். கைக்கு வருவது 70. மாமா போக ஐந்து பேருக்கு 36.5, புதியவருக்கு 20, ஆக முதல் 56.5 திரும்ப வேண்டும். மிச்சம் 13.5. அமெரிக்கச் சிறு படங்களில் முதலீட்டாளருக்கு முதலுக்கு மேல் 20 சதவீதம் கொடுத்த பிறகே தயாரிப்பாளர் கை வைப்பது வழக்கம். அந்த ஐந்து பேரும் புதியவரும் சேர்ந்து போட்ட 70-க்கு அது 14. ஆக, போட்ட செலவுக்கே படம் விற்றால் முதலீட்டாளர்கள் ஓரளவு திருப்தியாகப் போவார்கள், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

150-க்கு விற்றால்? ஏஜென்டுக்கு 30, செலவு 10 போக 110. முதலும் 20 சதவீதமும் சேர்ந்த 70.5 போக 39.5. நீங்களும் கணவரும் போட்ட 40 அப்போதுதான் ஏறக்குறையத் திரும்புகிறது. லாபம் என்ற பேச்சே அதற்கு மேல்தான். அதற்கு மேல் வருவதை முதலீட்டாளருக்குப் பாதி, படம் எடுத்தவர்களுக்குப் பாதி என்று பிரிப்பது பரவலான முறை. சம்பளத்தைத் தள்ளிப்போட்டு வேலை செய்த நடிகர், டெக்னீஷியன்கள் இருந்தால் அவர்கள் இந்த வரிசையில் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். இந்த ஒரு பக்கக் கணக்கைப் பார்த்தபிறகும் பணம் தருகிறேன் என்பவர்தான் உங்கள் முதலீட்டாளர். பயந்து போகிறவர் இன்றே போவது நல்லது, ரிலீஸுக்கு முந்தின வாரம் போவதைவிட.

புதியவரின் 20-இல் 16 போக மிஞ்சும் 4-ஐத் தொடாதீர்கள். சப்டைட்டில், தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி (டிசிபி), இசை உரிமைக் கடிதங்கள், விழாக்களுக்கான நுழைவுக் கட்டணம் என்று கடைசி நேரச் செலவுகள் வரிசையில் நிற்கும். முதல் படக்காரர்கள் பலர் மறப்பது இதைத்தான். உரிமைப் பத்திரங்களில் ஒன்று குறைந்தாலும் ஓடிடி நிறுவனமோ விநியோகஸ்தரோ படத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்.

டோக்கன் விஷயம். எனக்கு இதில் பொறுமை குறைவு, மன்னியுங்கள். லாபத்தில் பங்கு தருகிறேன் என்று பலரிடம் பணம் வாங்கினால் அது பங்கு விற்பனைதான், பிளாக்செயினில் ஏற்றினாலும். 1946-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆரஞ்சுத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, பராமரித்து லாபம் தருகிறோம் என்ற நிறுவனத்தின் வழக்கு அது. பெயர் தோட்டமாக இருந்தாலும், அடுத்தவர் உழைப்பில் லாபம் எதிர்பார்த்துப் பொதுவில் பணம் போட்டால் அது முதலீட்டுப் பத்திரம் என்றார்கள். வேறு பல நாடுகளின் சட்டங்களும் ஏறக்குறைய இதே திசையில்தான் போகின்றன. முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் வாங்கி, அந்தச் சட்டத்தில் மாட்டி, வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் உங்கள் சவுண்ட் வேலையே முடிந்துவிடும். நண்பருக்கு நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

கிக்ஸ்டார்ட்டர் மாதிரியான கூட்டுநிதித் தளம் அவ்வளவு ஆபத்தில்லை. அங்கே பங்கு விற்பதில்லை, நன்றிக்கு ஏதாவது தருகிறீர்கள். ஆனால் இலக்கைத் தொடாவிட்டால் ஒன்றும் வராது. தொட்டால் தளத்துக்கு 5 சதவீதமும், பணம் செலுத்தும் சேவைக்குத் தனியாகச் சில சதவீதமும் போகும். புதியவர் வட்டியில்லாமல் வரமாட்டேன் என்றால் 16-இல் ஒரு பகுதிக்கு இதை முயலலாம்.

ஆனால் உங்களிடம் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. எடுத்து முடித்த படம் கையில் இருக்கிறது. நீங்களே எடிட்டர். பத்து நிமிடம் வெட்டி எடுங்கள். அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்களிடம் அதுகூட இல்லை. 1984-இல் வந்த தங்கள் முதல் படத்துக்கு, படம் எடுக்கும் முன்பே ஒரு டிரெய்லரை மட்டும் எடுத்து, புரொஜெக்டரோடு ஆட்களைத் தேடிப் போய்க் காட்டித்தான் பணம் சேர்த்தார்கள். யாரிடம் காட்டுவது? சினிமாவில் பணம் பண்ண ஆசைப்படுகிறவரிடம் வேண்டாம், அவருக்கு உங்கள் படத்தைவிட நல்ல சூதாட்டங்கள் கிடைக்கும். கதை யாருடையதோ அவர்களிடம் போங்கள். 1976-இல் ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' பால் கூட்டுறவைப் பற்றிய படம்; 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் போட்டார்கள். படம் வந்ததும் லாரி லாரியாக வந்து பார்த்தவர்களும் அவர்களே. உங்கள் கதையில் வருவது செவிலியர்கள். மூத்த மருத்துவர்கள், மருத்துவமனை நடத்துகிறவர்கள், செவிலியர் கல்லூரி நடத்துகிறவர்கள் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்! நீங்கள் எழுதியதில் அவர்களில் ஒருவரையும் காணோம்.

தக்கவைப்பது பற்றிக் கேட்டீர்கள். நான் முதலீட்டாளர்கள் பக்கமும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். படம் தோற்றதற்காகக் கோபப்பட்டு என்னிடம் வந்தவர்கள் மிகக் குறைவு. "போனே எடுக்க மாட்டேங்கிறார்" என்று வந்தவர்களே அதிகம். மாதா மாதம் வட்டி கொடுத்து நீங்கள் வாங்கிக்கொண்டிருந்தது அவர்களுடைய மௌனத்தை. அதற்குப் பதிலாக மாதம் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது, இந்த மாதம் எதற்குச் செலவானது, எது தள்ளிப்போனது, ஏன், அடுத்தது என்ன. ஒன்றுமே நடக்காத மாதத்திலும் அனுப்புங்கள். கெட்ட செய்தி என்றால் மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே சொல்லிவிடுங்கள். படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதில் உங்கள் கையெழுத்தோடு முதலீட்டாளர்களில் ஒருவர் கையெழுத்தும் இருக்கட்டும். வெளியானபிறகு பணம் சொட்டுச் சொட்டாக வருடக்கணக்கில் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் கணக்கையும் அனுப்பிக்கொண்டே இருங்கள், தொகை சின்னதாக இருந்தாலும். இரண்டாவது படத்துக்குப் பணம் தரப்போவது இந்தக் கடிதங்களைப் படித்தவர்கள்தான். "என் பையனுக்கு ஒரு ரோல்" என்று யாராவது கேட்டால், படப்பிடிப்பு முடிந்துவிட்டது என்ற நல்ல பதில் இப்போது உங்களிடம் இருக்கிறது. அடுத்த படத்துக்கு, பணம் போட்டதற்காக ரோல் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

மற்ற ஐந்து பேருக்குக் கடிதம் போவதற்கு முன்னால் மாமாவைப் பாருங்கள். போனில் வேண்டாம், நேரில் போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. 0.3, 24 மாதம், கடைசித் தவணையின் தேதி என்று ஒரு தாளில் எழுதி, நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுங்கள். வட்டி நிற்கிறது என்பதை அவர் வேறு யார் வாயிலாகவும் கேட்கக் கூடாது.