வாராக்கடன் கேள்வி பதில்: மலேசியாவின் இருவகை வங்கிகள்

கிள்ளான் வாசகர்: பொருளாதாரம் சரிந்தால் சாதாரண வங்கிக்கும் இஸ்லாமிய வங்கிக்கும் ஒரே அடிதானா?

இல்லை. 1998ஐப் பாருங்கள். அந்த ஆண்டு மலேசியப் பொருளாதாரம் 7.4 சதவீதம் சுருங்கியது, வங்கிகளின் அடிப்படை வட்டி 12 சதவீதத்தைத் தாண்டியது. சாதாரண வீட்டுக்கடன் வாங்கியவருக்கு வேலையும் ஆட்டம் கண்டது, தவணையும் ஏறியது. இஸ்லாமிய வங்கியில் பாய் பித்தமன் அஜில் முறையில் வாங்கியவருக்குத் தவணை ஏறவில்லை. வங்கி வீட்டை வாங்கி, லாபம் சேர்த்த விலைக்கு அவரிடம் விற்றுவிட்டது; பேசிய விலை பேசியதுதான். ஆனால் சம்பளம் நின்றுபோனவர் பழைய தவணையை மட்டும் எப்படிக் கட்டுவார்? வட்டி ஏற்றத்திலிருந்து அந்த ஒப்பந்தம் காப்பாற்றும், வேலையிழப்பிலிருந்து காப்பாற்றாது.

ஈப்போ வாசகர்: நான் இஸ்லாமிய வங்கியில் வீடு வாங்கினேன். என் தவணை ஏறுமா?

ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். இப்போது பலவற்றில் லாப விகிதம் (இஸ்லாமிய வங்கியில் வட்டிக்குப் பதிலாக இருப்பது) மாறக்கூடியது, ஒரு உச்சவரம்பு மட்டும் இருக்கும். 2022 மே முதல் 2023 மே வரை மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் வட்டியை 1.75இலிருந்து 3 சதவீதமாக்கியது. 3 லட்சம் ரிங்கிட், 30 ஆண்டு, 3.5 சதவீதம் என்றால் தவணை சுமார் 1,347 ரிங்கிட். அந்த ஏற்றம் முழுதும் சேர்ந்தால் 1,565.

ஜொகூர் வாசகர்: லாப நட்டத்தில் பங்கு என்றால் இஸ்லாமிய வங்கிக்கு வாராக்கடனே வராதே?

கொள்கை அது. நடைமுறையில் பெரும்பகுதி முராபஹா (வங்கி பொருளை வாங்கி லாபம் சேர்த்து விற்பது), தவர்ருக் (பொருளைத் தவணைக்கு வாங்கி உடனே ரொக்கத்துக்கு விற்றுப் பணம் பெறுவது). இரண்டும் கடனாகவே முடிபவை. கடன் இருந்தால் வாராக்கடனும் உண்டு.

அவரே மறுபடியும்: அப்போ முஷாரகா?

வீட்டு முஷாரகாவில் வங்கியும் நீங்களும் பங்காளிகள், சரி. ஆனாலும் மாதாமாதம் கட்ட வேண்டும். மூன்று மாதம் நின்றால் அந்தக் கணக்கும் அதே வாராக்கடன் பட்டியலில்தான் சேரும். பெயரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

சிரம்பான் வாசகர்: வாராக்கடன் விகிதம் குறைந்தால் வங்கி நலம்தானே?

அவசியமில்லை. கடன் வேகமாக வளரும் ஆண்டில் வகுக்கும் எண்ணான மொத்தக் கடன் பெருத்து விகிதம் இறங்கிவிடும். அந்தப் புதுக் கடன்களின் வண்டவாளம் இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

பினாங்கு வாசகர்: என் தவணை ஏறுமா?

ஈப்போ வாசகருக்குச் சொன்னதேதான். ஒப்பந்தம்!

தைப்பிங் வாசகர்: இரண்டு மாதமாகக் கட்டவில்லை.

மூன்றாவது மாதத்துக்கு விடாதீர்கள். நாளைக் காலையே வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இதற்கு இலவசமாக ஆலோசனை சொல்லும். சம்பளச் சீட்டையும் வங்கிக் கடிதங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.