மின்சாரத்தை நிறுத்தாமல் பேட்டரிகளை மாற்றுவது எப்படி? விண்வெளி நிலையத்தின் வேலைமுறை

கேள்வி: பாலிடெக்னிக் கல்லூரி ஒன்றில் மின்னியல் பாடம் நடத்துகிறேன். தொழிற்சாலைகளில் பேட்டரி வரிசையையோ மின்பலகையையோ மாற்றுவதென்றால், விடுமுறை நாளில் முழு ஷட்டவுன் எடுத்துக்கொண்டு வேலையை முடிப்பது வழக்கம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆட்கள் குடியிருக்கும்போதே பேட்டரிகளையும் சோலார் தகடுகளையும் மாற்றியிருக்கிறார்கள். அங்கே மின்சாரத்தை எந்தக் கட்டத்தில் துண்டிக்கிறார்கள்? வேலை பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? இதை மாணவர்களுக்கு வகுப்பில் எப்படி விளக்கலாம்?

பதில்: இந்த வேலைகள் எதற்காகவும் நிலையம் முழுவதும் அணைக்கப்படவில்லை. வேலை நடக்கும் பகுதியின் மின்சுமை முன்கூட்டியே வேறு பகுதிக்கு மாற்றப்படுகிறது. அந்தப் பகுதி மட்டும் துண்டிக்கப்படுகிறது. அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. வேலை எந்தப் படியில் நின்றாலும் நிலையம் பாதுகாப்பாக இயங்கும்படி படிகளை வரிசைப்படுத்துகிறார்கள். மாணவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது முதன்மையாக இந்த வரிசையைப் பற்றித்தான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் மின் அமைப்பைப் பார்ப்போம். நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. பெரும்பாலான சுற்றுகளில் சுமார் 35 நிமிடங்கள் பூமியின் நிழலில் கழிகின்றன. அந்த நேரம் முழுவதும் பேட்டரிகள்தான் நிலையத்தைத் தாங்குகின்றன. எட்டு பெரிய சோலார் இறக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு தனி மின்வழிக்கு, மின்சாரம் தருகிறது. முதன்மைச் சுற்றில் ஏறத்தாழ 160 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது. உள்ளே உள்ள கருவிகளுக்கு அது சுமார் 124 வோல்ட்டாகக் குறைத்து வழங்கப்படுகிறது. ஒரு சேனலின் சுமையை இன்னொரு சேனலோடு இணைத்துவிடும் முதன்மை மாற்று அலகுகள் நடுவில் இருக்கின்றன. உயிர்காப்புக் கருவிகள், கணினிகள், குளிர்விக்கும் பம்புகள் போன்றவற்றில் இரட்டையாக இருப்பவை வெவ்வேறு சேனல்களிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. ஒன்று போனாலும் மற்றொன்று ஓட வேண்டும் என்பது கட்டும்போதே எடுத்த முடிவு. பிற்காலத்தில் மேம்பாட்டு வேலைகளைச் செய்ய முடிந்ததற்கு அதுவே அடித்தளம்.

இனி பேட்டரிகள். பழைய நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகள் 48 இருந்தன. அவற்றுக்குப் பதிலாக 24 லித்தியம்-அயான் பேட்டரிகள், 2017 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை, கட்டம் கட்டமாகப் பொருத்தப்பட்டன. ஜப்பானின் எச்.டி.வி. சரக்குக் கலங்கள் நான்கு முறை அவற்றைச் சுமந்து சென்றன. இரண்டு பழைய பேட்டரிகள் செய்த வேலையை ஒரு புதிய பேட்டரி செய்துவிடும் என்பதால், காலியாகும் மற்றோர் இடத்தில் சுற்றைப் பூர்த்தி செய்ய ஓர் இணைப்புத் தட்டு பொருத்தப்பட்டது. ஒரு சேனலுக்கு மூன்று புதிய பேட்டரிகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மின்னேற்ற-இறக்கக் கட்டுப்பாட்டு அலகு.

இந்தப் பிரிப்பின் பயன் 2019 அக்டோபரில் தெரிந்தது. புதிய பேட்டரிகளைப் பொருத்திய பிறகு, பழைய கட்டுப்பாட்டு அலகு ஒன்று இயங்க மறுத்தது. அதனால் ஒரு புதிய பேட்டரியைப் பயன்படுத்த முடியவில்லை. நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை. ஆயினும் திட்டமிட்டிருந்த மற்ற பேட்டரி வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு, அக்டோபர் 18ஆம் தேதி கிறிஸ்டினா காக், ஜெசிகா மெயர் இருவரும் வெளியே சென்று அந்த அலகை மாற்றினார்கள். இரு பெண்கள் மட்டுமே மேற்கொண்ட முதல் விண்நடை என்று உலகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. ஒரு பழுது தென்பட்டவுடன் அடுத்த மேம்பாட்டுக்குப் போகாமல் நிறுத்தி, காரணத்தைச் சரிசெய்த ஒழுங்குக்காகவும் அதை நினைவில் வைக்க வேண்டும்.

சுவிட்சுகளைப் பெரும்பாலும் விண்வெளி வீரர்கள் தொடுவதில்லை என்பது உங்கள் மாணவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். சுமையை மாற்றுவதும், சேனலைத் துண்டிப்பதும், மீண்டும் உயிர்ப்பிப்பதும் ஹூஸ்டனில் உள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து அனுப்பும் கட்டளைகளால் நடக்கின்றன. 2017இல் முதல் தொகுதி பேட்டரிகளில் பெரும்பகுதியைத் தரையிலிருந்தே இயக்கப்பட்ட டெக்ஸ்டர் என்னும் ரோபோ கழற்றி மாட்டியது. மனிதக் கை தேவைப்பட்டவற்றுக்காகவே அந்த ஜனவரியில் இரண்டு விண்நடைகள் நடந்தன. வீரர்களின் நேரம் அத்தனை அரியது. கிரீன்விச் நேரப்படி காலை 6 மணிக்குத் தொடங்கும் அவர்களுடைய நாளில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உடற்பயிற்சிக்கே போய்விடுகிறது. விண்நடை என்றால், ஆறரை மணி நேர வேலைக்கு முன்னால் ஆக்சிஜனைச் சுவாசித்து இரத்தத்திலுள்ள நைட்ரஜனை வெளியேற்றுவதற்கும், உடையைச் சோதிப்பதற்கும் மணிக்கணக்கில் ஆகும்.

வேலை பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 2016 ஜனவரி 15ஆம் தேதி நடந்த விண்நடையைவிடத் தெளிவான விடை கிடையாது. அதற்கு முந்தைய நவம்பரில் ஒரு சோலார் இறக்கையின் மின்னழுத்தச் சீராக்கி பழுதடைந்து, எட்டு சேனல்களில் ஒன்று போய்விட்டது. இறக்கை மீது வெயில் விழுந்துகொண்டிருக்கும் வரை அதன் முனைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்; சூரியனுக்கு பிரேக்கர் கிடையாது. ஆகவே டிம் கோப்ரா, டிம் பீக் இருவரும் சீராக்கி இருக்கும் இடத்துக்கு முன்னதாகவே சென்று காத்திருந்து, நிலையம் நிழலுக்குள் நுழைந்த பிறகு, அந்த அரை மணி நேரத்துக்குள் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். அன்றைய பட்டியலில் வேறு பல வேலைகளும் இருந்தன. மிக முக்கியமான இது முதலிடத்தில் வைக்கப்பட்டிருந்தது. பிறகு கோப்ராவின் தலைக்கவசத்துக்குள் ஒரு சிறு நீர்க்குமிழி தென்பட்டது. 2013 ஜூலையில் விண்வெளி வீரர் லூக்கா பர்மிட்டானோவின் கவசத்தில் ஒரு லிட்டருக்கும் மேல் நீர் கசிந்து அவர் உயிருக்கே ஆபத்து நேர்ந்த பிறகு, இத்தகைய அறிகுறியை யாரும் பொறுத்துப் பார்ப்பதில்லை. விண்நடை உடனே முடிக்கப்பட்டது. ஆனால் போயிருந்த சேனல் அதற்குள் மீட்கப்பட்டிருந்தது. அவசியமானதை முதலில் வைத்ததால், நிறுத்தும் முடிவைத் தயக்கமின்றி எடுக்க முடிந்தது.

சோலார் மேம்பாட்டிலும் இதே சிந்தனையைக் காணலாம். பழைய இறக்கைகள் 2000 முதல் 2009 வரை பொருத்தப்பட்டவை. 15 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்பட்டவை. அவற்றைக் கழற்றி எறியாமல், அவற்றின் முன்னாலேயே சற்றுச் சாய்வாகப் புதிய, சிறிய தகடுகளைப் பொருத்தினார்கள். புதியது பழையதன் ஒரு பகுதியை மறைக்கும்; மறைக்கப்படாத பகுதி தொடர்ந்து மின்சாரம் தரும்; சூரியனை நோக்கித் திருப்பும் பொறியமைப்பும் மின்பகிர்வும் பழையவையே. பாய்போலச் சுருட்டப்பட்டு வரும் இந்தத் தகடு, தன் ஓரக் கம்புகளில் தேங்கியுள்ள விறைப்பினாலேயே, மோட்டார் எதுவும் இல்லாமல், சுமார் பத்து நிமிடங்களில் விரிந்துவிடுகிறது. அதைத் தாங்கும் சட்டங்கள் தனி விண்நடைகளில் முன்னதாகவே பொருத்தப்படுகின்றன.

முதல் தகட்டை 2021 ஜூன் 16ஆம் தேதி ஷேன் கிம்ப்ரோ, தாமா பெஸ்கே இருவரும் பொருத்தத் தொடங்கினார்கள். கிம்ப்ரோவின் உடையிலிருந்த தகவல் திரை செயலிழந்து, அவர் நிலையத்தின் வாயிலான காற்றுப்பூட்டறைக்குத் திரும்பி அதை மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. பின்னர் தகடு தன் மடிப்பிலிருந்து திறக்கவில்லை. அதை மடித்த நிலையிலேயே உறுதியாகப் பூட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். நான்கு நாள் கழித்து மீண்டும் சென்று திறந்து, நிழல் நேரத்தில் மின்கம்பிகளை இணைத்து, விரித்தார்கள். இடைப்பட்ட நாட்களில் பின்னாலிருந்த பழைய இறக்கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. திட்டமிடப்பட்ட எட்டுத் தகடுகளில் ஆறு, 2023 ஜூனுக்குள் பொருத்தப்பட்டன.

நிழலுக்குக் காத்திருக்க முடியாத நிலையும் ஒருமுறை வந்தது. 2007இல் விரிக்கும்போது கிழிந்துபோன இறக்கையை, மின்னழுத்தம் இருக்கும் நிலையிலேயே ஸ்காட் பராசின்ஸ்கி தைத்துச் சரிசெய்தார். அவருடைய உடையின் உலோகப் பகுதிகளும் கருவிகளும் காப்பு நாடாவால் சுற்றப்பட்டிருந்தன. அதை விதிவிலக்காகவே மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

பழைய பொருள்களை அகற்றுவதும் திட்டத்தின் ஒரு பகுதி என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2018 அக்டோபரில் இருவரை ஏற்றிச் சென்ற சோயுஸ் ராக்கெட் நடுவழியில் பழுதடைய, அவர்கள் உயிர்தப்பித் தரையிறங்கினார்கள். அதனால் பேட்டரி மாற்றும் விண்நடைகள் தள்ளிப்போயின. அந்த முறை வந்திருந்த எச்.டி.வி. கலம் பழைய பேட்டரிகளை ஏற்றாமலேயே கிளம்பியது. அந்த வரிசைக் குலைவு கடைசிவரை தொடர்ந்து, பழைய பேட்டரிகளை ஏற்றிய, சுமார் 2.6 டன் எடையுள்ள சரக்குத் தட்டு ஒன்று 2021 மார்ச்சில் இயந்திரக் கையால் அப்படியே விண்ணில் விடப்பட்டது. மூன்றாண்டு கழித்து அது வளிமண்டலத்தில் நுழைந்தபோது, முழுவதும் எரியாத ஓர் உலோகத் துண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்தது.

வகுப்புக்கு என் பரிந்துரை இது. கரும்பலகையில் எட்டு சேனல்களையும், ஒவ்வொன்றிலும் மூன்று பேட்டரிகளையும் வரைந்து, இரட்டையாக உள்ள பம்பு, கணினி போன்ற சுமைகளை வெவ்வேறு சேனல்களில் இணையுங்கள். ஒரு சேனலின் பேட்டரிகளை மாற்றும் படிகளை மாணவர்களே எழுதட்டும். எழுதி முடித்த பின், ஏதேனும் ஒரு படியில் விரலை வைத்து, 'இந்த இடத்தில் வேலை நின்றுவிட்டது. அடுத்த 35 நிமிட இருட்டில் இந்தப் பம்புக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?' என்று கேளுங்கள். விடை இல்லாத படி எதுவோ, அங்கே வரிசையை மாற்றச் சொல்லுங்கள். கூரை சோலார் பணிக்குப் போகும் மாணவர்கள் இருந்தால், பிரேக்கரை இறக்கிய பிறகும் பகல் நேரத்தில் தகட்டுப் பக்கத்துக் கம்பிகளில் நேர்மின்னழுத்தம் இருக்கும் என்பதையும், அதை மீட்டர் வைத்து அளந்து பார்க்காமல் இணைப்பானைத் தொடக்கூடாது என்பதையும் இந்தப் பாடத்தோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.