9 வயதில் 40 கிலோ: இரவுச் சோற்றை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. உயரம் 132 செ.மீ., எடை 40 கிலோ. வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். கழுத்தில் கருப்பு படிந்திருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. தைராய்டாக இருக்குமா? இரவில் சோற்றை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் கழுத்தைத் தேய்ப்பதை விட்டுவிடுங்கள், அம்மா. அது அழுக்கே இல்லை. பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் உடம்பு அதை அதிகமாகச் சுரக்கும்போது, கழுத்திலும் அக்குளிலும் தோல் இப்படித் தடித்துக் கறுக்கும். எடை கட்டுக்குள் வந்தால் மெல்ல மங்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளை ஒருமுறை செய்துவிடுங்கள்.

அவனுடைய பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 23. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது அதிக எடையின் தொடக்கம்தான். 9 வயதுப் பையனுக்கு உடல் பருமன் என்றே கணக்கு. தானாகக் கரையும் என்று காத்திருக்காதீர்கள். தைராய்டு குறைவால் குண்டாகும் பிள்ளைகள் பெரும்பாலும் உயரத்தில் பின்தங்குவார்கள். இவன் வயதுக்கேற்ற உயரம் இருக்கிறான், அதனால் அந்தக் கவலை எனக்கு அதிகமில்லை.

சோற்றை நிறுத்த வேண்டாம். இப்போதைக்கு எடையைக் குறைக்கவும் வேண்டாம், ஏறாமல் பிடித்து வைத்தால் போதும். வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்கிற வயது. 138 செ.மீ. ஆகும்போதும் 40 கிலோவிலேயே நின்றால் பி.எம்.ஐ. 21 ஆகிவிடும்.

எடை எங்கே ஏறுகிறது என்று கேட்டால் அம்மாக்கள் மூன்று வேளைச் சாப்பாட்டைச் சொல்வார்கள். நான் சாயங்காலம் நாலு மணியைத்தான் கேட்பேன். பள்ளி விட்டு வந்ததும் சத்துபானப் பவுடர் கலந்த பால், அதற்குமேல் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, தொட்டுக்கொள்ள பிஸ்கட், டியூஷன் போகிற வழியில் ஒரு பப்ஸ். பெரும்பாலான பவுடர்களிலேயே சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமைத் தாண்டக் கூடாது. 250 மில்லி கோலாவில் மட்டுமே அவ்வளவு வந்துவிடும். வெறும் பால், சுண்டல், அவித்த வேர்க்கடலை, கொய்யா கொடுங்கள். இரவில் தட்டில் முதலில் பொரியல் விழட்டும், பிறகு சோறு. செல்போன் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது.

தினமும் ஒரு மணி நேரம் வியர்க்க விளையாட வேண்டும். அதற்காக டியூஷனைக் குறைத்தாலும் தப்பில்லை. தூக்கம் 9 மணி நேரமாவது வேண்டும்.

இவனுக்கு மட்டும் பத்தியம் என்று வைக்காதீர்கள். மாமியார் உட்பட வீடு முழுக்க மாற வேண்டும். யாரும் அவனைக் "குண்டா" என்று கூப்பிடக் கூடாது. அப்படிக் கேட்டுக் கேட்டு, பாத்ரூமில் பிஸ்கட்டை ஒளித்துவைத்துத் தின்ற பையன் ஒருவன் என்னிடம் வந்தான். அவனைத் தேற்றத்தான் அதிக நாள் ஆயிற்று.

மூன்று மாதம் கழித்து உயரமும் எடையும் பாருங்கள். தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சுத் திணறினாலோ, அடிக்கடி தண்ணீர் குடித்துச் சிறுநீர் போனாலோ, இடுப்பு, முட்டி வலித்து நொண்டினாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.