எட்டுக் கண்காட்சிகளிலும் இடம்பெற்ற பிஸாரோ

கணத்துக்குக் கணம் மாறும் ஒளியையும் காட்சியையும் தீட்டிய இம்ப்ரெஷனிச ஓவியர்களுள் கமீல் பிஸாரோவுக்கு ஏன் தனி இடம் என்று கேட்டிருந்தீர்கள். 1830இல் கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் பிறந்த அவர், 1874 முதல் 1886 வரை அக்குழு பாரிஸில் நடத்திய எட்டுக் கண்காட்சிகளிலும் பங்கேற்ற ஒரே ஓவியர். பிரெஞ்சு ஓவியர் செசானைத் திறந்தவெளியில், இயற்கையை நேரே பார்த்துத் தீட்டப் பழக்கியவரும் அவரே. 1870இல் பிரான்ஸுக்கும் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவுக்கும் நடந்த போரின்போது அவர் லண்டனுக்குச் செல்ல, பாரிஸை அடுத்த லூவ்சியென் ஊரின் வீட்டில் விட்டுச்சென்ற ஓவியங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின என்பது நினைக்குந்தோறும் மனத்தை வருத்துகிறது. முதுமையில் கண்நோய் வெளியே நின்று வரையவிடாததால், 1897இல் விடுதி அறையின் சன்னலருகே அமர்ந்து, பாரிஸின் மோன்மார்த்ர் பெருந்தெருவை மட்டும் 14 ஓவியங்களாகத் தீட்டினார். குளிர்காலக் காலை, மழை, வெயில், விளக்கொளி மின்னும் இரவு என ஒரே தெரு அவற்றில் வெவ்வேறு தெருவாகிறது. அவருடைய படைப்புகளுள் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வரிசையைத்தான்.