முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசி: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். மீசன்கைமல் ஸ்டெம் செல் ஊசி மூன்று போட்டால் தேய்ந்த குருத்தெலும்பு புதிதாக வளர்ந்துவிடும், ஆபரேஷனே வேண்டாம் என்கிறது ஒரு கிளினிக். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வலியோடு இருப்பவரிடம் தள்ளுபடிக்குக் கெடு வைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

மீசன்கைமல் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள், கட்டுக்கதை இல்லை. எலும்பு மஜ்ஜையைப் பிளாஸ்டிக் குடுவையில் விட்டு வைத்தால் ரத்த செல்கள் மிதந்துகொண்டிருக்கும். மீசன்கைமல் செல்களோ அடியில் ஒட்டிக்கொண்டு, நீள நீளமாகப் பரவும். கொழுப்பிலும் தொப்புள்கொடியிலும் கூட உண்டு. ஆய்வகத்தில் இவற்றை எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாற்றிக் காட்டலாம். விளம்பரம் பிடித்துக்கொண்டது இதைத்தான். உடம்புக்குள் ஊசியாகப் போனால் கதை வேறு: பெரும்பாலானவை அதிக நாள் தங்குவதில்லை. மறைவதற்குள் அவை சுரக்கும் பொருட்கள் அழற்சியைத் தணிக்கின்றன, நோயெதிர்ப்புச் செல்களை அடக்குகின்றன. 1991-இல் இந்தப் பெயரை வைத்த ஆர்னால்டு கேப்ளனே, 'ஸ்டெம் செல்' என்ற சொல்லைக் கைவிடுங்கள் என்று 2017-இல் எழுதினார்.

அந்தத் தணிக்கும் குணம்தான் பலன் தந்திருக்கிறது. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு, ஏற்றிய செல்களே நோயாளியின் உடலைத் தாக்குவதுண்டு. ஸ்டீராய்டுக்கும் அது அடங்காத குழந்தைகளுக்கு 'ரையான்சில்' என்ற மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் அனுமதித்தது. மீசன்கைமல் செல் மருந்துக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி அது.

சரி, முழங்காலுக்கு? 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 475 பேரின் முடிவுகளைப் பார்த்தார்கள். மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி என மூன்று வகைச் செல் ஊசிகளுக்கும் சாதாரண ஸ்டீராய்டு ஊசிக்கும் போட்டி. ஓராண்டு கழித்து வலியைக் குறைப்பதில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. எம்.ஆர்.ஐ. படத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குருத்தெலும்பு வளர்ந்திருந்தால் படத்தில் தெரிந்திருக்க வேண்டாமா? தென்கொரியாவில் குருத்தெலும்புக்கென ஒரு தொப்புள்கொடி ரத்தச் செல் மருந்து 2012 முதல் அனுமதியில் இருப்பது உண்மை. ஆனால் அதை ஆபரேஷன் செய்து வைக்கிறார்கள். அதைக் காட்டி ஊசியை விற்க முடியாது.

'சொந்தச் செல், ஆபத்தே இல்லை' என்றால் நம்பாதீர்கள். சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணில் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்தது 2017-இல் மருத்துவ இதழில் பதிவானது.

கிளினிக்கில் இதைக் கேளுங்கள்: இந்தச் செல் மருந்துக்கு, மூட்டுத் தேய்மானத்துக்கென்றே அனுமதி உண்டா? குப்பியில் எத்தனை செல், உறைய வைத்த செல்களை உருக்கிய பின் எத்தனை உயிரோடு இருக்கும், கிருமிப் பரிசோதனை அறிக்கை எங்கே? ஆராய்ச்சி என்று சொன்னால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் காட்டச் சொல்லுங்கள். சோதனையில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது சந்தேகத்துக்குரியது. 'குருத்தெலும்பு வளரும்' என்பதை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அதுவரை அம்மாவுக்குத் தொடை முன்தசையை வலுவாக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் தொடங்கிவிடுங்கள்.