கணினிக் கேள்வி-பதில்: பேருந்துத் தடமும் இன்ஃபோமேப்பும்

கேள்வி: நீலகிரி பேருந்துத் தடங்களை ஊருக்கு ஊர் இணைப்புகளாக எழுதி, எந்த ஊர்கள் ஒரே கொத்தாகச் சேர்கின்றன என்று இன்ஃபோமேப் என்ற நிரலில் பார்க்க விரும்புகிறேன். என் மடிக்கணினியில் உபுண்டு 24.04 இருக்கிறது. 'பிப் இன்ஸ்டால் இன்ஃபோமேப்' என்று கொடுத்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று மறுக்கிறது. நெட்டும் அடிக்கடி அறுந்துபோகிறது.
– வாசகி, மஞ்சூர்

பதில்: கணினியில் பழுது எதுவும் இல்லை. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தான் நிரல்மொழியில்தான் ஓடுகின்றன. அதில் பிப் என்ற பைத்தான் நிறுவுகருவி கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று 23.04 பதிப்பிலிருந்தே பூட்டிவிட்டார்கள். 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' சேர்த்தால் பூட்டு திறக்கும் என்று யாராவது சொல்வார்கள். எதை உடைக்கும் என்று அதன் பெயரே சொல்கிறது, வேண்டாம்.

இன்ஃபோமேப்புக்குத் தனி அறை கொடுங்கள். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' மூலம் பைத்தான்3-வென்வ் தொகுப்பை நிறுவுங்கள். பிறகு 'பைத்தான்3 -எம் வென்வ் தடம்' என்றால் 'தடம்' என்ற கோப்புறை உருவாகும். 'சோர்ஸ் தடம்/பின்/ஆக்டிவேட்' கொடுத்ததும் வரியின் தொடக்கத்தில் அந்தப் பெயர் அடைப்புக்குள் தெரியும். அதன் பிறகே பிப் கட்டளை. (இங்கே தமிழில் அச்சிட்ட கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டவும்.) மறுநாள் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், ஆக்டிவேட் செய்ய மறந்திருப்பீர்கள்.

'பைத்தான்.ஹெச்' கிடைக்கவில்லை என்று நின்றால், உங்கள் பைத்தானுக்கேற்ற ஆயத்தப் பொதி இல்லாமல் மூலநிரலிலிருந்து கட்ட முயல்கிறது என்று பொருள். பில்ட்-எசென்ஷியல், பைத்தான்3-டெவ் இரண்டையும் நிறுவி மீண்டும் ஓட்டுங்கள்.

நெட்டுக்கு வழி: உதகையில் நல்ல இணைப்புள்ள கணினியில் 'பிப் டவுன்லோட் இன்ஃபோமேப்' கொடுத்து, இறங்கிய கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். வீட்டில் 'நோ-இண்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' இரண்டையும் சேர்த்து அந்தக் கோப்புறையைக் காட்டி நிறுவலாம். இரு கணினிகளிலும் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். விண்டோஸில் இறக்கியது உங்களுக்கு உதவாது.

முழுத் தரவையும் போடுமுன் சின்னதாகச் சோதியுங்கள். உதகை 1, குன்னூர் 2, கோத்தகிரி 3, கூடலூர் 4, தேவாலா 5, பந்தலூர் 6. முதல் மூன்றுக்குள் மூன்று இணைப்பு, அடுத்த மூன்றுக்குள் மூன்று, நடுவே 1–4. ஆக ஏழு வரிகள். ஒரு வரியில் இரண்டு எண்கள், இடையில் இடைவெளி. காற்புள்ளி போடக் கூடாது. எக்செல்லிலிருந்து எடுப்பவர்கள் இடறுவது இங்கேதான். மூன்றாவது எண்ணாகத் தினசரி நடைகளைப் பின்னர் சேர்க்கலாம். வெளியீட்டுக் கோப்புறையை முன்கூட்டியே உருவாக்கிவிட்டு ஓட்டுங்கள். இரண்டு கொத்துகள், குறிநீளம் (தடத்தில் ஓர் அடி நகர்வதைக் குறியிடச் சராசரியாகத் தேவைப்படும் அளவு) சுமார் 2.32 பிட் என்று வந்தால் நிறுவல் சரி. ஆறு ஊர்களையும் ஒரே கொத்தாக வைத்தால் 2.56 பிட் ஆகும். நீளம் குறைந்த பிரிப்பையே இன்ஃபோமேப் தேர்ந்தெடுக்கிறது.

உண்மைத் தரவில் '-என் 20' (பெரிய எழுத்து N) சேருங்கள். சொல்லாவிட்டால் ஒரே ஒரு முறைதான் தேடும். கிடைத்தது நல்ல பிரிப்புதானா என்று தெரியாது.

கேள்வி: ஊர்ப் பெயர்களுக்கு நிரல் மூலம் எண் கொடுத்தேன். கோத்தகிரி இரண்டு எண்களில் வருகிறது. எழுத்துப்பிழையே இல்லை!
– வாசகர், குன்னூர்

பதில்: கண்ணுக்குப் பிழை இல்லை, கணினிக்கு உண்டு. 'கோ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் தட்டலாம், இரட்டைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றே, உள்ளே வேறு. எண் கொடுக்குமுன் பைத்தானின் யூனிகோட்டேட்டாவில் உள்ள நார்மலைஸை 'என்எஃப்சி' முறையில் (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் முறை) எல்லாப் பெயர்களுக்கும் ஓட்டுங்கள். கொலக்கம்பைக்கும் இதே சிக்கல் வரும். ஆனால் ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே ஊர் என்று எந்த நிரலுக்கும் தானாகத் தெரியாது. அதற்கு நீங்களே ஒரு பெயர்ப்பட்டியல் எழுத வேண்டும்.