அலுவலகப் பக்கத்தில் கைதவறி விழுந்த அரசியல் மீம்

கேள்வி: தமிழ்நாடு அரசுத் துறை ஒன்றின் மாவட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். அலுவலகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை இரண்டு வருடமாக என் சொந்த செல்போனிலிருந்துதான் கவனித்து வருகிறேன். போன வாரம் இரவு, ஒரு கட்சித் தலைவரைக் கிண்டலடிக்கும் மீமை என் பக்கத்தில் பகிர்வதாக நினைத்து அலுவலகப் பக்கத்தில் பகிர்ந்துவிட்டேன். நாற்பது நிமிடத்தில் நண்பர் போன் செய்து சொன்னதும் அழித்தேன். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் பரவிவிட்டது. ஏழு நாளில் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. வேலை போய்விடுமா? கருத்துச் சுதந்திரம் என்று வாதாடலாமா? இதே பக்கத்தில் ஆளுங்கட்சி மாநாட்டுப் படங்களைப் போடச் சொல்லி மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னார், போட்டேன். அப்போது யாரும் கேட்கவில்லை. அது மட்டும் சரியா?

பதில்: இப்போது உங்கள் கையில் இருப்பது விளக்கம் கேட்கும் மெமோ மட்டும்தான், குற்றங்களை முறையாக எழுதித் தரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை (சார்ஜ் மெமோ) இல்லை. ஒரு மீமுக்காக, அதுவும் அழித்துவிட்ட மீமுக்காக, வேலை போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விளக்கக் கடிதத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இது ஒரு கண்டனத்தோடு முடியலாம், மூன்று வருடம் இழுக்கவும் செய்யலாம்.

முதலில் கருத்துச் சுதந்திரம். அதைக் கடிதத்தில் எழுதாதீர்கள். அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு உங்களுக்கும் உண்டுதான். அரசு வேலையில் சேர்ந்ததால் ஒருவர் அடிப்படை உரிமைகளை இழப்பதில்லை என்று 1962-லேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த உரிமை உங்கள் வாய்க்குத்தான். அலுவலகப் பக்கத்தில் வருவது உங்கள் பேச்சு இல்லை, அரசின் பேச்சு. அலுவலக முத்திரையை எடுத்துக் கட்சி நோட்டீஸில் குத்திவிட்டு அது என் கருத்துரிமை என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும் இந்த வாதமும். உங்கள் பக்கம் நிற்கக்கூடிய ஒரே வாதம், இது தெரிந்து செய்ததல்ல, கைத்தவறு என்பது.

அந்த உண்மையில் ஒரு பொறியும் இருக்கிறது. "என் சொந்தப் பக்கம் என்று நினைத்தேன்" என்று எழுதும்போது, சொந்தப் பக்கத்தில் அரசியல் மீம் போடப் போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறீர்கள். 1973-ஆம் வருடத்துத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி கட்சியில் உறுப்பினராகவோ, அரசியலில் பங்கெடுக்கவோ, தேர்தலில் ஒருவருக்காக ஓட்டுக் கேட்கவோ கூடாது. நான் உருவாக்கவில்லை, பகிர மட்டுமே செய்தேன் என்பதும் எடுபடாது. ஒரு பதிவைப் பகிர்வது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் ஒரு முன்ஜாமீன் உத்தரவில் சொல்லியிருக்கிறது.

இருந்தாலும் பொய் சொல்வதைவிட இந்தப் பொறி பரவாயில்லை. ஏனென்றால் சொந்தக் கணக்கு விஷயத்தில் நீதிமன்றங்கள் ஊழியர் பக்கம் ஓரளவு நின்றிருக்கின்றன. திரிபுராவில் ஓர் அரசுப் பெண் ஊழியர் அரசியல் கூட்டத்துக்குப் போனார், ஃபேஸ்புக்கில் பதிவும் போட்டார் என்று நடவடிக்கை எடுத்தார்கள். 2020-ல் உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. கூட்டத்துக்குப் போவது வேறு, அரசியலில் பங்கெடுப்பது வேறு என்று பிரித்துக் காட்டியது. கேரள உயர் நீதிமன்றமும் 2018-ல், பல்கலைக்கழக ஊழியர் ஒருவரின் ஃபேஸ்புக் பதிவு தொடர்பான வழக்கில், ஊழியர் என்பதற்காகவே ஒருவரின் கருத்தைத் தடுக்க முடியாது என்றது. இவை வெளிமாநிலத் தீர்ப்புகள். நம் ஊர் அதிகாரியைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும். இவற்றையும் இப்போது எழுத வேண்டாம், சொந்தப் பக்கத்தைப் பற்றித் தனியாகக் குற்றம் சாட்டினால் எடுத்துக்கொள்ளலாம்.

பொய் என்றேனே, இந்த மாதிரி வருகிறவர்கள் முதலில் கேட்பதே "கணக்கை ஹேக் பண்ணிட்டாங்கன்னு எழுதலாமா சார்?" என்பதுதான். எழுதினால் துறை சைபர் கிரைமுக்கு அனுப்பும். எந்தப் போனிலிருந்து, எத்தனை மணிக்கு என்று வந்துவிடும். அப்புறம் மீம் மறந்துபோய், அரசுக்குப் பொய்யான தகவல் கொடுத்தார் என்பதே முதல் குற்றச்சாட்டாக நிற்கும்.

கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: "அலுவலகப் பக்கமும் என் தனிப்பட்ட கணக்கும் ஒரே கைப்பேசியில் இருந்தன. கணக்கு மாற்றப்பட்டுள்ளதா என்பதைச் சரிபார்க்காமல் பகிர்ந்தது என் கவனக்குறைவு. தவறு தெரிந்தவுடன் இரவு இத்தனை மணிக்கு நீக்கினேன். அலுவலகத்தின் பெயரில் அரசியல் கருத்து வெளியிடும் எண்ணம் எனக்கு இல்லை. வருந்துகிறேன்." இதோடு மூன்று விவரங்களைச் சேருங்கள். பக்கத்தைக் கவனிக்கும் பொறுப்பை எழுத்தில் யார் கொடுத்தார்கள், அல்லது எழுத்தில் எதுவுமே இல்லையா? அலுவலகம் தனி செல்போன் கொடுத்ததா? இரண்டு வருடத்தில் வேறு புகார் உண்டா? நண்பரின் அழைப்பு பதிவான கால் லிஸ்ட்டின் படம் ஒன்று போதும், உடனே நீக்கியதற்குச் சாட்சி. செல்போனை ரீசெட் செய்யாதீர்கள், தடயத்தை அழித்ததாக ஆகிவிடும். ஏழு நாள் போதாவிட்டால் அவகாசத்தை எழுத்தில் கேளுங்கள்.

விளக்கம் திருப்தி தராவிட்டால், தமிழ்நாட்டுக் குடிமைப் பணி (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின் 17(அ) அல்லது 17(ஆ) வரும். அலுவலகத்தில் செவன்டீன் ஏ, செவன்டீன் பி என்பார்களே, அவைதான். முன்னது கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கு. பின்னதில்தான் முறையான விசாரணை உண்டு, பதவியிறக்கம் முதல் டிஸ்மிஸ் வரை போகலாம். அது நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் சேராமல் நின்றுபோகும். பயப்பட வேண்டியது அதற்குத்தான். பணியிடை நீக்கம் செய்தால், மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் அதை நீட்டிக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு, அஜய்குமார் சௌத்ரி வழக்கு, கையில் இருக்கிறது.

இனி மாநாட்டுப் படங்கள். சரியில்லை. விதி கட்சி பார்ப்பதில்லை, எதிர்க்கட்சியைக் கிண்டலடிப்பதும் ஆளுங்கட்சிக்குக் கொடி பிடிப்பதும் அரசுப் பக்கத்தில் ஒரே தவறு. அமைச்சர் மருத்துவமனை திறந்தால் அது அரசுச் செய்தி. அதே அமைச்சர் மறுநாள் கட்சிக் கொடியின் கீழ் பேசினால் அது கட்சிச் செய்தி. அரசு விளம்பரங்கள் கட்சி சார்பில்லாமல் இருக்க வேண்டும், கட்சிக் கொடியோ சின்னமோ வரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் காமன் காஸ் வழக்கில் நெறிமுறை வகுத்தது. அது விளம்பரத்துக்கானது என்றாலும் அளவுகோல் இங்கும் பொருந்தும். தேர்தல் அறிவிப்பு வந்தபின் இப்படி ஒரு படம் போனால், விஷயம் தேர்தல் ஆணையத்தின் கைக்கே போய்விடும்.

ஆனால் "மேலதிகாரி போடச் சொன்னால் மட்டும் சரியா?" என்று விளக்கத்தில் கேட்காதீர்கள். ஒருவரின் தவறைக் காட்டி இன்னொருவர் அதே சலுகை கேட்க முடியாது என்பதில் நீதிமன்றங்கள் கறாராக இருக்கின்றன. தவிர, போட்டது உங்கள் கை. நீங்களே இரண்டாவது குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்ததாக ஆகும். அந்தப் பதிவுகளின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு எடுத்து வையுங்கள். பெரிய தண்டனை வந்து மேல்முறையீட்டுக்குப் போகும் நிலை வந்தால், தண்டனையின் அளவைக் குறைக்க அது உதவக்கூடும்.

அடுத்த முறை அப்படி ஒரு உத்தரவு வாய்மொழியாக வந்தால், எழுத்தில் உறுதி கேளுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு இதை விதியே அனுமதிக்கிறது, நீங்கள் பணிவாகக் கேட்பதிலும் தவறில்லை. "ஐயா, காலையில் சொன்ன படங்களில் கட்சிக் கொடி உள்ளது. அலுவலகப் பக்கத்தில் பதிவிடலாமா என்று உறுதி செய்யவும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். என் அனுபவத்தில் இந்த வரிக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. பதில் வராதவரை போடாதீர்கள்.

விளக்கத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே அந்தப் பக்கத்தின் பொறுப்பிலிருந்து உங்களை விடுவிக்கும்படியோ, அதற்கெனத் தனி செல்போன் தரும்படியோ வேறொரு கடிதம் கொடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.